விடை அன்றும் இலவசம்தான்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் செயின்ட் ஜோசப் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, பிஷப் ஹீபர் பள்ளி, தெப்பக்குளம், மெயின்கார்டு கேட் எல்லாம் உள்ளே அடங்கிவிடும். பாடம் சொல்லிக்கொடுப்பதும் பாடத்துக்கு உரை எழுதுவதும் இந்த வட்டாரத்தின் பழைய தொழில். செயின்ட் ஜோசப் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் அய்யன்பெருமாள் கோனார் எழுதி, தெப்பக்குளத்துப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரையைத் தொடாமல் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஒரு தலைமுறையில் மிகக் குறைவு. தமிழுக்கு உரை புத்தகமாக வந்தது. கணக்குக்கு உரை ஆளாக வந்தது. அவர்தான் டியூஷன் சார்.

தொண்ணூறுகளில் நான் பன்னிரண்டாவது படித்தபோது இந்தப் பேருந்து நிலையத்துக்கு விடியற்காலையிலேயே ஒரு கூட்டம் வந்து இறங்கும். லால்குடி, முசிறி, துறையூர், மண்ணச்சநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றாம் நம்பர் பஸ் இருந்தது. கையில் நீளமான ரஃப் நோட்டு, பையில் கிளார்க் டேபிள். மாடிப்படி ஏறினால் ஓலைக் கொட்டகை, தரையில் பாய், சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்த பலகை. ஆறு மணிக்கு ஒரு பேட்ச், ஏழரைக்கு ஒரு பேட்ச். அதை முடித்துக்கொண்டு அப்படியே பள்ளிக்குப் போவார்கள்.

அங்கே விற்கப்பட்டது என்ன என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். விடை அல்ல. பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எல்லாப் பயிற்சிக்கும் விடை அச்சாகியிருந்தது. அது எல்லோருக்கும் இலவசம். கேள்வியிலிருந்து அந்த விடைக்குப் போகும் வழிக்குத்தான் மாதாமாதம் பணம் கட்டினோம். பொதுத்தேர்வில் அந்த வழிக்கு மதிப்பும் இருந்தது. கடைசி வரியில் எண் தப்பிப்போனாலும், அதுவரை எழுதிய படிகள் சரியாக இருந்தால் ஸ்டெப் மார்க் உண்டு. தொகையிடலில் மாறிலியைச் சேர்க்காமல் விட்டால் சார் கையில் அடி விழும். “சி எங்கடா தம்பி?” என்ற கேள்வியைக் கேட்காத ஒரு காலை கிடையாது.

அந்தக் காலத்தின் பெரிய குறை, காத்திருப்பு. இரவு எட்டு மணிக்கு வீட்டில் ஒரு கணக்கைப் போடுகிறோம். விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. எந்த வரியில் சறுக்கினோம் என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அப்பாவுக்குத் தெரியாது, அண்ணனும் பத்தாவதோடு நின்றவர். மறுநாள் காலை சாரிடம் நோட்டை நீட்டினால், நாற்பது பேரில் நம் முறை வருவதற்குள் பேட்ச் முடிந்துவிடும். பள்ளி ஆசிரியருக்கு ஐம்பது, அறுபது நோட்டு. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. வீட்டிலேயே ஒருவர் நோட்டைப் பார்த்து மூன்றாவது வரியில் விரல் வைத்துவிடுவார். இரண்டு பிள்ளைகளுக்கும் இருந்த வித்தியாசத்தை நாங்கள் மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

படிகளைக் கேட்டு வாங்குவது இந்த ஊரில் டியூஷனைவிடப் பழைய வழக்கம். செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு, பின்பு சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு வேலைக்குப் போனவர் எஸ். நாராயண ஐயர். 1912இல் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜனுக்கு மேலதிகாரி அவர்தான். இரவுகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவும் தூரம் நாராயண ஐயருக்கே எட்டவில்லை. எனக்கே புரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், என் அளவுக்கு இறங்கி வந்து உன் இரண்டு படிகளுக்கு நடுவே பத்துப் படியாவது எழுது என்று அவர் வற்புறுத்தியதாக அவருடைய மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ராமானுஜன் கற்றுக்கொண்ட கார் என்பவரின் தொகுப்பு நூலும் அப்படிப்பட்டதுதான்: ஆயிரக்கணக்கில் முடிவுகள், நிரூபணம் பெரும்பாலும் இல்லை. அந்த மாமேதையிடம் நின்று படிகளைக் கேட்டவர் ஒரு திருச்சிக் கணக்கு வாத்தியார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. படி கேட்பதை அறிவுக் குறைவாக நினைக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைத் தவறாமல் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அதே கல்லூரியில் அப்துல் கலாம் பௌதிகம் படித்தார். ஸ்ரீரங்கத்து ரங்கராஜனும் அங்கேதான் படித்தார். பின்னாளில் சுஜாதா என்ற பெயரில் கம்ப்யூட்டரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தவர் அவர். கலாம் தன் கணித ஆசிரியர்கள் தோத்தாத்ரி ஐயங்காரையும் ‘கால்குலஸ்’ சீனிவாசனையும் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாடத்தின் பெயரே ஆசிரியருக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்ட ஊர் இது.

அந்தக் கால்குலஸை ஒரு இயந்திரம் போட முடியும் என்று முதலில் காட்டியது 1961இல், அமெரிக்க எம்.ஐ.டி.யில். ஜேம்ஸ் ஸ்லேகல் என்ற ஆய்வு மாணவர் எழுதிய ‘செயின்ட்’ நிரலுக்கு 86 தொகையிடல் கணக்குகள் தரப்பட்டன, 84ஐப் போட்டது. அந்த 86இல் 54 அங்கே முதலாண்டு மாணவர்களுக்கு வைத்த தேர்வுக் கேள்விகள். என்னைக் கவர்வது அது போட்ட விதம். ஒரு மாணவர் எப்படி இதைப் பிரதியிட்டுப் பார்ப்போம், அது சரிவராவிட்டால் பகுதியாகப் பிரிப்போம் என்று முயல்வாரோ, அதே மாதிரி அதுவும் முயன்றது. பிறகு வந்தவர்கள் அந்த வழியைக் கைவிட்டார்கள். 1969இல் ராபர்ட் ரிஷ் வெளியிட்ட முறை, ஒரு சார்புக்கு நமக்குப் பழக்கமான சார்புகளில் தொகையீடு உண்டா இல்லையா என்பதையே தீர்த்துச் சொல்லக்கூடியது. 1968இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மேக்சைமா (இன்றைய மேக்சிமா மென்பொருளின் மூதாதை), 1980இல் கனடாவில் தொடங்கிய மேப்பிள், 1988இல் வந்த மேதமேட்டிகா எல்லாம் விடையை நோக்கியே வளர்ந்தன. உள்ளே அவை செய்யும் வேலையை வெளியே எடுத்து வைத்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வரிகூடப் பிடிபடாது.

ஆக, இப்படிப்பட்ட கணினி இயற்கணித மென்பொருளில் இன்று திரையில் விரியும் படிகளைக் கற்பித்தலுக்காகத் தனியே எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். சிம்பை என்ற இலவச மென்பொருளில் இது வெளிப்படையாகவே தெரியும். தொகையிட அதனிடம் பெரிய எந்திரமும் இருக்கிறது. அதன் அருகில், கையால் போடுவதுபோலப் போட்டுக் காட்டும் சிறு பகுதி ஒன்றும் இருக்கிறது. எந்தப் படியை எழுத வேண்டும், எதை மனசுக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து தீர்மானித்த பிறகே அது எழுதப்பட்டது. டியூஷன் சார் எடுத்த அதே தீர்மானம்தான் அது.

சத்திரத்தின் பழைய பேருந்து நிலையம் இப்போது இல்லை. இடித்துக் கட்டிய புதிய வளாகம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. மாலையில் அங்கே நின்றால் கல்லூரி, பள்ளி, கோச்சிங் சென்டர் விட்டுத் திரும்பும் கூட்டத்தைப் பார்க்கலாம். துறையூர் பஸ்ஸுக்கு நிற்கும் பெண் மடியில் புத்தகத்தை விரித்துக் கணக்கின் மேல் செல்போனைக் காட்டுகிறாள். பஸ் வருவதற்குள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை திரையில் வந்துவிடுகிறது. 2009இல் வந்த உல்ஃப்ரம் ஆல்ஃபா, 2014இல் வந்த ஃபோட்டோமேத் ஆகியவை தொடங்கிவைத்த பழக்கம் இது. கொரோனாக் காலத்து ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன் வந்தபின் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் சாதாரணமாகிவிட்டது. இதில் ஒன்று என்னை நின்று யோசிக்கவைத்தது. உல்ஃப்ரம் ஆல்ஃபாவில் விடையைச் சும்மா பார்க்கலாம். படிகளை முழுதாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். டியூஷன் மாடியில் இருந்த அதே வியாபாரக் கணக்கு.

நல்ல வேளையாக இலவச வழிகளும் இருக்கின்றன. மேக்சைமாவின் ஒரு கிளையை டெக்சஸ் பேராசிரியர் வில்லியம் ஷெல்ட்டர் பல ஆண்டுகள் தனியாளாகப் பராமரித்து, 1998இல் அரசு அனுமதி வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார். அதுதான் மேக்சிமா. சிறிய மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியிலும் இதைத் தாராளமாக நிறுவியிருக்கலாம். அந்தக் கணினிகள் எத்தனையோ வீடுகளில் படம் பார்ப்பதோடு நின்றுபோனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கம் தீரவில்லை. சிம்பையோ பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. 2019இல் வந்த நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் பைத்தானைச் சொல்லிக்கொடுக்கிறது. அதைப் படித்த பிள்ளை அடுத்த பீரியடில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறது. இரண்டு பாடங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. புதிய கணிதப் புத்தகங்களின் இணையச் செயல்பாட்டுப் பக்கங்கள் ஜியோஜீப்ராவுக்குக் கொண்டுபோகின்றன. வரைபடம் பார்க்க அருமையானது. ஆனால் வரிவரியாக எழுதும் இயற்கணிதத்துக்கு அங்கே போதிய இடம் இல்லை.

திரையில் படிகள் வந்துவிட்டதால் பிள்ளைகள் கற்றுவிட்டார்களா என்று பல ஆசிரியர்களிடம் பேசியிருக்கிறேன். வீட்டுப்பாட நோட்டு முன்னைவிட அழகாக வருகிறது, தேர்வுத்தாளில் அதே கணக்கு மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறது என்கிறார்கள். நான் இதற்குப் பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன். கோனார் உரையைப் பார்த்து எழுதியவர்களும் நாங்கள்தானே. பார்த்து எழுதிய படிக்கும் தேடிக் கண்டுபிடித்த படிக்கும் தாளில் வித்தியாசம் தெரியாது. தேடியவனுக்கு மட்டும் ஏன் அந்தப் படி என்று தெரிந்திருக்கும்.

இன்னொரு சிக்கல் முழுக்க நம் ஊர்ச் சிக்கல். எக்ஸ் வர்க்கத்தை ஈ-யின் எக்ஸ் அடுக்கால் பெருக்கித் தொகையிடச் சொன்னால், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் பெர்னோலி சூத்திரத்தைப் போடுவார்கள். ஒரு பக்கம் எக்ஸ் வர்க்கம், இரண்டு எக்ஸ், இரண்டு என்று வகையிட்டுக்கொண்டே வர வேண்டும். மறுபக்கம் தொகையிட்டுக்கொண்டே போக வேண்டும். குறிகளை மாற்றிமாற்றிப் பெருக்கினால் இரண்டு வரியில் முடிந்துவிடும். செயலிகள் பெரும்பாலும் பகுதித் தொகையிடலை இரண்டு முறை நீட்டி எழுதிக் காட்டும். இரண்டும் சரி. ஆனால் சார் பலகையில் போட்டதும் திரையில் வருவதும் வேறுவேறாக இருப்பதைப் பார்க்கும் பிள்ளை, இரண்டில் ஒன்று தப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் சாரைத்தான் சந்தேகப்படுகிறது.

இந்த மோதலை ஒளிக்காமல் வகுப்புக்குக் கொண்டுவந்தால் அருமையான பாடம் கிடைக்கும். சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிடுக. மேக்சிமாவிடம் கேட்டால் காஸ் வர்க்கத்தில் பாதி, முன்னால் மைனஸ் குறி. சிம்பையிடம் கேட்டால் சைன் வர்க்கத்தில் பாதி. பிரதியிடும் முறையை மாற்றினால் மாணவருக்கும் இரண்டில் எது வேண்டுமானாலும் வரும். எது சரி? இரண்டையும் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீதி அரை. எக்ஸ் எதுவானாலும் அரை. இரண்டு விடைகளும் ஒரு மாறிலியால்தான் வேறுபடுகின்றன. இந்த மென்பொருள்கள் இரண்டுமே தொகையிடல் மாறிலியை எழுதுவதில்லை. ஒன்றின் கீழ் எக்ஸைத் தொகையிட்டால் வரும் லாகில் நம் புத்தகம் போடும் மட்டுக்குறியும் அவற்றில் இருக்காது. அரை மார்க்குக்காகச் சேர்த்துக்கொண்டிருந்த அந்த ‘சி’ எதற்காக அங்கே நிற்கிறது என்பதை, முப்பது வருஷம் கழித்து ஒரு இயந்திரம் விட்டுவிட்டதைப் பார்த்தபோதுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

எப்போது இயந்திரத்தைக் கையில் கொடுப்பது? ஆஸ்திரியக் கணித அறிஞர் புரூனோ புக்பெர்கர் 1990இல் ஒரு வழி சொன்னார். ஒரு பாடத்தைப் புதிதாகக் கற்கும்போது அந்த வேலையை இயந்திரத்திடம் விடாதே. கற்று முடித்து அடுத்த பாடத்துக்குப் போனபின், பழைய வேலையை அதனிடம் விட்டுவிடு. வகையிடலைக் கற்கும்போது கையால் செய்ய வேண்டும். அதையே பெருமம், சிறுமம் காணப் பயன்படுத்தும்போது இயந்திரம் செய்யலாம். நல்ல விதி, நானும் ஏற்கிறேன். ஆனால் கற்கும்போதே இயந்திரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். படிகளைப் போட்டுக் காட்டும் வேலை அல்ல. பிள்ளை போட்ட படிகளைச் சோதிக்கும் வேலை.

அது மிக எளிது. கணக்கை முழுதும் தாளில், கையால் போட வேண்டும். பிறகு மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரியைக் கழித்துச் சுருக்கச் சொல்லி மேக்சிமாவில் தட்டெழுத வேண்டும். பூச்சியம் வந்தால் அந்தப் படி சரி. வராவிட்டால் சறுக்கிய இடம் அதுதான். வருகிற மீதி சறுக்கிய விதத்தையும் பல நேரம் சொல்லிவிடும். எக்ஸ் மைனஸ் இரண்டின் வர்க்கத்தை விரிக்கும்போது ஒரு பெண் கடைசி உறுப்பை மைனஸ் நான்கு என்று எழுதிவிட்டாள் என்று வையுங்கள். கழித்தால் மீதி எட்டு. நான்கில் தப்பு, மீதி எட்டு. அதாவது குறி மாறிய உறுப்பு மீதியில் இரண்டு மடங்காக வந்து நிற்கும். இதை ஒருமுறை கண்டுபிடித்த பிள்ளை அடுத்த முறை மீதியைப் பார்த்ததும் பாதியாக்கித் தன் தாளில் தேடத் தொடங்கிவிடும். மீதியில் எக்ஸ் இருந்தால் நடு உறுப்பு விட்டுப்போயிருக்கலாம். தொகையிடலாக இருந்தால் தன் விடையை வகையிடச் சொல்லி, கேள்வியிலிருந்து கழிக்க வேண்டும். இங்கே விடையோ வழியோ இயந்திரத்திடமிருந்து வரவில்லை. இரவு எட்டு மணிக்கு நோட்டின் மூன்றாவது வரியில் விரல் வைக்கும் ஒரு ஆள் வந்திருக்கிறார். எங்கள் தலைமுறையில் சில வீடுகளில் மட்டும் இருந்த ஆள்.

இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. அவற்றையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எக்ஸ் வர்க்கம் சமம் மூன்று எக்ஸ் என்ற சமன்பாட்டில் இருபுறமும் எக்ஸால் வகுத்து, எக்ஸ் சமம் மூன்று என்று எழுதும் பிள்ளை எத்தனை பேர்! பூச்சியம் என்ற இன்னொரு தீர்வு காணாமல் போய்விட்டது. வெறும் கோவைகளைக் கழித்துப் பார்க்கும் முறை இதைப் பிடிக்காது. சமன்பாட்டையே தீர்க்கச் சொன்னால் மேக்சிமா இரண்டு தீர்வுகளையும் தரும், அப்போது தெரியும். சில நேரம் உண்மையில் பூச்சியமாக இருப்பதை மென்பொருள் முழுதும் சுருக்காமல் நீளமாக விட்டுவிடும். முக்கோணவியலில் இது அடிக்கடி நடக்கும்; அதற்கென்று உள்ள கட்டளையைத் தனியே கொடுக்க வேண்டும். இவை எதுவும் தானாகப் பிடிபடாது. ஆசிரியர் வேண்டும்.

அந்த ஆசிரியரின் வேலைதான் மிகவும் மாறியிருக்கிறது. அன்று பலகையில் படிகளை எழுதுவதிலேயே பீரியட் முடிந்துவிடும். எழுதும் வேலையைத் திரையிடம் விட்டால், ஏன் இந்தப் படி, வேறு எந்த வழியில் போயிருக்கலாம், அந்த வழி எங்கே முட்டியிருக்கும் என்று பேச நேரம் கிடைக்கும். இன்றைய நிலவரம் அதற்கு அவ்வளவு சாதகமாக இல்லை என்பதும் உண்மை. நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்களில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கணக்குகள்தான் பெரும்பாலும். அங்கே படிக்கு மார்க் கிடையாது, வேகத்துக்கு உண்டு. காலையில் பள்ளியில் படி முக்கியம், மாலையில் மையத்தில் படி வீண் என்று ஒரே நாளில் இரண்டு பாடம் கேட்கும் பிள்ளை எதை நம்பும்?

மொழியும் ஒரு தடை. மேக்சிமாவும் சிம்பையும் ஆங்கிலக் கட்டளைகளில்தான் ஓடுகின்றன. பத்துப் பன்னிரண்டு சொற்களைக் கற்றால் போதும் என்பது ஆறுதல். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் ஜியோஜீப்ரா, சைலாப் போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலில் பாடம் தந்திருக்கிறது. அதே மாதிரி மேக்சிமாவுக்கு, நம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குகளையே எடுத்துக்கொண்டு, பெர்னோலி சூத்திரத்தையும் சேர்த்து, தமிழில் பாடங்கள் வேண்டும். எழுதத் தகுதியானவர்கள் சத்திரத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் கணிதத் துறைகளிலேயே இருக்கிறார்கள். உரை எழுதி வெளியிட்ட மரபும் இந்த ஊரில் இருக்கிறது.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. கணினி இருக்கிறது, மென்பொருள் இலவசம். நான் கேட்பது வாரத்தில் ஒரு பீரியட். அன்று பாடப்புத்தகம் வேண்டாம். முந்தின வாரம் பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்குத் தாள்களை மட்டும் லேபுக்கு எடுத்து வரட்டும். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் வரியைப் படிக்க மற்றவர் தட்டட்டும். பூச்சியம் வராத முதல் வரியைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, அந்த மீதி ஏன் வந்தது என்று பக்கத்தில் தமிழில் ஒரு வாக்கியம் எழுதட்டும். ஆசிரியர் திருத்த வேண்டியது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான். அறுபது நோட்டு இருந்தாலும் ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம்.